எழுத்துக்கு அளவு கண்ட வஸீர் இப்னு முக்லா

திரையில் எழுத்தைப் படிக்காதவர் இன்று நம்மில் மிகச் சிலரே. பிள்ளைகளின் பாடமும், கடையின் கணக்கும், அயலூரிலிருந்து வரும் கடிதமும் கணினித் திரையிலேயே நம் கண்முன் வருகின்றன. சில கணினிகளில் எழுத்து அச்சிட்ட நூலைப் போலத் தெளிவாக நிற்கிறது. வேறு சிலவற்றில் அதே எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லைப் போலப் பிசிறி நிற்கிறது, வளைவுகள் படிக்கட்டாகின்றன, சுழிகள் அடைபட்டுக் கண்ணை வருத்துகின்றன. லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வழிக் கணினிகளைக் கையாள்வோர் இதை நன்கறிவர். எழுத்தைச் சீராக்குவதற்கென்றே அவற்றில் ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. எழுத்தின் ஓரத்தை மென்மையாக்க வேண்டுமா, கோடுகளைத் திரையின் கட்டங்களோடு பொருத்த வேண்டுமா, எவ்வளவு பொருத்த வேண்டும் என்றெல்லாம் அது கேட்கும். கேள்வி விளங்காமல் ஏதோ ஒன்றைத் தெரிவு செய்துவிட்டு நகர்பவரே பலர்.

அந்தக் கேள்விகளின் அடியில் மிகப் பழையதொரு கேள்வி இருக்கிறது. எழுத்தின் அழகு எழுதுபவரின் கையில் இருக்கிறதா, எழுத்தின் அளவில் இருக்கிறதா? கையில் மட்டுமே இருக்குமானால் அந்தக் கை போனதும் அழகும் போய்விடும். அளவில் இருக்குமானால் அதை இன்னொருவருக்குக் கற்பிக்கலாம். எத்தனை தலைமுறைக்கும் கொண்டு செல்லலாம். இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை சொன்ன ஒருவர் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்தார். அப்பாஸிய கலீஃபாக்கள் மூவரிடம் வஸீராகப் பணியாற்றிய அபூ அலீ முஹம்மது இப்னு அலீ இப்னு முக்லாதான் அவர். அவருடைய வரலாற்றைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

பிறப்பும் முதற்பணியும்

கலீஃபா அல்மன்சூர் கி.பி. 762இல் தைக்ரீஸ் நதிக்கரையில் பக்தாத் நகருக்கு அடிக்கல் நாட்டினார். அந்நகர் எழுந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், ஹிஜ்ரி 272இல், அதாவது கி.பி. 885-86இல், இப்னு முக்லா அங்கே பிறந்தார். பெருஞ்செல்வக் குடும்பம் அவருடையதன்று. எழுதத் தெரிந்த இளைஞர்க்கு அக்காலத்தில் அரசின் திவான்கள் எனப்படும் அலுவலகங்களில் பிழைப்பு உண்டு. வரிக் கணக்கு, படைச் செலவு, கடிதப் போக்குவரத்து என ஒவ்வொன்றுக்கும் ஒரு திவான் இருந்தது. காத்திப் எனப்பட்ட எழுத்தர்கள் அவற்றை நடத்தி வந்தனர்.

இப்னு முக்லா பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கும் சிறு பணியில் முதலில் அமர்ந்தார். பின்னர் பக்தாதுக்குத் திரும்பி, 908இல் வஸீரான இப்னுல் ஃபுராத்தின் ஆதரவைப் பெற்றார். அரசுக் கடிதங்களைத் திறப்பதும் அனுப்புவதுமான பொறுப்பு அவருக்கு வந்தது. எத்தனையோ நாடுகளிலிருந்து, எத்தனையோ கைகளால் எழுதப்பட்ட மடல்கள் நாள்தோறும் அவர் கண்முன் விரிந்திருக்கும். தெளிவான எழுத்தையும் தெளிவற்ற எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் வேறு இருந்திராது.

அன்றைய எழுத்தின் நிலை

அக்கால எழுத்து எப்படி இருந்தது என்பதை அறிந்தால்தான் அவர் செய்த பணியின் அருமை விளங்கும். திருக்குர்ஆன் பிரதிகள் தோலில், கூஃபி என்று பொதுவாகச் சொல்லப்படும் கோணங்கள் மிகுந்த எழுத்தில் எழுதப்பட்டு வந்தன. அது கம்பீரமானது, ஆனால் மெதுவாக எழுதப்படுவது, மிகுந்த இடத்தை எடுத்துக்கொள்வது. மறுபுறம், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் காகிதம் பரவியது. விலை குறைந்த காகிதம் வந்ததும் நூல்கள் பெருகின, கணக்கேடுகள் பெருகின, எழுதுவோரும் பெருகினர். அவர்கள் கையாண்ட எழுத்து வளைவு மிகுந்ததாகவும் வேகமானதாகவும் இருந்தது. ஆனால் அதற்குப் பொதுவான இலக்கணம் இல்லை. ஆளுக்கொரு வடிவம், அலுவலகத்துக்கொரு பாணி என்று அது விரிந்து கிடந்தது. ஒருவர் எழுதிய எழுத்து அழகாக இருந்தால், ஏன் அழகாக இருக்கிறது என்று அவராலேயே சொல்ல இயலாது. அவரருகில் பல்லாண்டுகள் அமர்ந்து பார்த்துப் பழகுவதே கற்கும் வழி.

புள்ளி, அலிஃப், வட்டம்

இப்னு முக்லா இந்த நிலையை மாற்றினார். ஒவ்வோர் எழுத்தும் மற்றோர் எழுத்தோடு குறித்ததொரு விகிதத்தில் நிற்க வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. அரபியில் இதனை அல்கத்துல் மன்சூப் என்பர். அளவால் உறவுகொண்ட எழுத்து என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அந்த நெறி மூன்றை அடிப்படையாகக் கொண்டது. முதலாவது புள்ளி. நாணல் பேனாவின் வெட்டிய நுனியைக் காகிதத்தில் சாய்வாக அழுத்தி எடுத்தால் சாய்சதுர வடிவில் ஒரு புள்ளி விழும். இதுவே அளவுகோல். இரண்டாவது அலிஃப். செங்குத்தாக நிற்கும் இந்த முதலெழுத்தின் உயரம் இத்தனை புள்ளிகள் என்று வரையறுக்கப்படும். எழுத்து வகைக்கு ஏற்ப அந்த எண்ணிக்கை மாறும். நஸ்க் எழுத்தில் ஐந்து புள்ளியும் துலுத் எழுத்தில் ஏழு புள்ளியும் என்று கொள்வது பரவலான வழக்கம். மூன்றாவது வட்டம். அலிஃபின் உயரத்தை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், மற்ற எழுத்துகளின் வளைவுகள் அந்த வட்டத்தின் பகுதிகளாக அமையும். ரா என்னும் எழுத்து அந்த வட்டத்தில் கால் பங்கு. நூன் அதில் அரைப் பங்கு. பா என்பது ஒரு சிறு நிற்கும் கோடும் ஒரு படுக்கைக் கோடும் சேர்ந்தது. இரண்டின் நீளத்தையும் கூட்டினால் அலிஃபின் நீளம் வரும்.

இதிலுள்ள நுட்பத்தை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். புள்ளியின் அளவு பேனாவின் நுனியைப் பொறுத்தது. தடித்த பேனாவை எடுத்தால் புள்ளி பெரிதாகும், அலிஃப் உயரும், வட்டம் விரியும், எல்லா எழுத்துகளும் ஒரே சீராகப் பெருக்கும். மெல்லிய பேனாவை எடுத்தால் எல்லாம் ஒரே சீராகச் சுருங்கும். பள்ளிவாசல் சுவரில் முழ நீளத்தில் எழுதினாலும், உள்ளங்கை அளவு ஏட்டில் எழுதினாலும், எழுத்துகளுக்கிடையே உள்ள உறவு மாறாது. இத்தனை விரல் நீளம் என்று நிலையான அளவொன்றை அவர் சொல்லியிருந்தால் அது ஒரே ஒரு ஏட்டுக்குத்தான் பயன்பட்டிருக்கும். விகிதத்தைச் சொன்னதால் அது எல்லா ஏட்டுக்கும் பயன்பட்டது.

எழுத்தைப் பற்றியும் பேனாவைப் பற்றியும் அவர் பெயரால் வழங்கும் சிறு நூலொன்று உண்டு. பேனாவை வெட்டும் முறையும் எழுத்துகளின் வடிவ இலக்கணமும் அதில் பேசப்படுகின்றன. புள்ளிக் கணக்கின் முழு விரிவும் அவர் காலத்திலேயே நிறைவுற்றதா, மாணவர் வழியாகப் பின்னர் வளர்ந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அவருடைய தம்பி அபூ அப்தில்லாஹ் அல்ஹஸனுக்கும் இப்பணியில் பங்கு உண்டென்பர். ஆனால் எழுத்தை அளவுக்குள் கொண்டுவந்தவர் என்ற பெயரை மரபு இப்னு முக்லாவுக்கே சூட்டியது.

மூன்று முறை வஸீர்

எழுத்தில் அளவைக் கண்ட அவர், பதவியில் அளவைக் காணவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தம்மை வளர்த்த இப்னுல் ஃபுராத்தோடு அவருக்குப் பிணக்கு ஏற்பட்டது. அதனால் இன்னலும் அடைந்தார். பின்னர் வஸீர் அலீ இப்னு ஈஸாவின் காலத்தில் மீண்டும் உயர்ந்தார். 928ஆம் ஆண்டு கலீஃபா அல்முக்ததிர் அவரை வஸீராக்கினார். ஈராண்டில் பதவி பறிக்கப்பட்டு ஃபார்ஸுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அப்போதைய ஆட்சியின் நிலையை நினைவிற்கொள்வது நல்லது. கருவூலம் வறண்டிருந்தது. படைத்தலைவர்களே கலீஃபாக்களை ஏற்றியும் இறக்கியும் வந்தனர். 932இல் தளபதி முஃனிஸின் படையோடு நடந்த போரில் அல்முக்ததிர் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கலீஃபா அல்காஹிர் இப்னு முக்லாவை மீண்டும் அழைத்து வஸீராக்கினார். ஓராண்டுக்குள் இருவருக்கும் இடையே ஐயம் முளைத்தது. கலீஃபாவுக்கு எதிரான சூழ்ச்சியில் சேர்ந்த இப்னு முக்லா, அது வெளிப்பட்டதும் தலைமறைவானார். மறைந்திருந்தபடியே படைவீரரைத் தூண்டிவிட்டார். 934இல் அல்காஹிர் பதவியிழந்து, கண்களும் பறிக்கப்பட்டார். அர்ராளி கலீஃபாவானார். இப்னு முக்லா மூன்றாம் முறையாக வஸீரானார்.

அக்காலத்தில் அவர் பக்தாதில் பெருமாளிகை ஒன்றையும் அதையொட்டி விரிந்த தோட்டம் ஒன்றையும் அமைத்தார். சோதிடரைக் கலந்து நல்ல நேரம் பார்த்து அடிக்கல் இட்டாராம். தோட்டத்தின் மேல் பட்டு வலை விரித்து அரிய பறவைகளை வளர்த்தாராம். அவர் வீழ்ந்தபோது அந்த மாளிகையும் அழிந்தது.

935இல் நடந்த ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்வது நேர்மை. திருக்குர்ஆன் ஓதும் முறைகளை ஒழுங்குபடுத்திய இப்னு முஜாஹிதுக்கு இப்னு முக்லா துணை நின்றார். பொதுவாக ஏற்கப்பட்ட பிரதிக்கு மாறான முறையில் ஓதி வந்த இப்னு ஷனபூத் என்ற காரீ அவர் முன்னிலையில் நிறுத்தப்பட்டார். தம் முறையைக் கைவிடும்வரை அவரைச் சாட்டையால் அடிக்கச் செய்தார் வஸீர். அடிபட்ட காரீ, வஸீரின் கை வெட்டப்பட வேண்டும் என்று இறைவனிடம் கையேந்தினார் எனப் பிற்கால நூல்கள் கூறுகின்றன. அதிகாரம் கையில் இருந்தபோது அவரும் பிறர்க்கு வலியைத் தந்தவர்தாம் என்பதை அந்தச் செய்தி நமக்கு உணர்த்துகிறது.

வெட்டப்பட்ட கை

936இல் அவர் மூன்றாம் முறையாகப் பதவி இழந்தார். அவ்வாண்டே இப்னு ராயிக் என்ற படைத்தலைவர் அமீருல் உமரா என்னும் பட்டத்தோடு ஆட்சி முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். கலீஃபா பெயரளவில் நின்றார். இப்னு முக்லாவின் சொத்துகளும் அவர் மகனின் சொத்துகளும் பறிமுதலாயின. இழந்ததை மீட்க எண்ணிய இப்னு முக்லா, இப்னு ராயிக்கை வீழ்த்துவதற்காக பஜ்கம் என்ற மற்றொரு தளபதிக்கு இரகசியமாக எழுதினார். கலீஃபாவையும் தம் பக்கம் இழுக்க முயன்றார். அந்தத் திட்டத்தை அர்ராளியே இப்னு ராயிக்குக்குத் தெரிவித்துவிட்டார். ஹிஜ்ரி 326இல், அதாவது 938இல், இப்னு முக்லாவின் வலக்கை வெட்டப்பட்டது.

வரலாற்றாசிரியரும் மருத்துவருமான தாபித் இப்னு சினான் அவருடைய காயத்துக்கு மருந்திட்டவர். கணித மேதை தாபித் இப்னு குர்ராவின் பேரர் இவர். காயத்தின் வலியைவிட வேறொன்றே இப்னு முக்லாவை வாட்டியது என்று அவர் வழியாக நமக்குச் செய்தி வந்திருக்கிறது. திருக்குர்ஆனை இருமுறை முழுமையாக எழுதிய கை, கலீஃபாக்களுக்குப் பணி செய்த கை, திருடனின் கையைப் போல வெட்டப்பட்டதே என்று அவர் அழுது புலம்பினாராம்.

அதற்குப் பின்னரும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. முன்கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். இடக்கையால் எழுதினார் என்போரும் உண்டு. வஸீர் பதவியையும் மீண்டும் வேண்டினார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பதுதான் வியப்பு. சிறிது காலத்தில் அவருடைய நாவும் துண்டிக்கப்பட்டது. சிறையில் பணிவிடை செய்ய யாருமில்லை. கிணற்றிலிருந்து நீர் இறைக்க, கயிற்றை இடக்கையால் இழுத்து வாயால் பற்றிக்கொள்வார் என்று எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 328 ஷவ்வாலில், 940 ஜூலையில், சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. முதலில் அரண்மனையிலேயே அடக்கப்பட்டார். பின்னர் உறவினர் கேட்டுப் பெற்று வேறிடத்தில் அடக்கினர். மீண்டும் எடுக்கப்பட்டு மூன்றாம் இடத்தில் அடக்கப்பட்டார். மூன்று முறை வஸீர், மூன்று முறை அடக்கம் என்று பழைய ஆசிரியர்கள் இதை வியந்து குறித்தனர்.

அளவு நின்றது

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். கை போனபின் எழுத்து என்ன ஆயிற்று? இப்னு முக்லா எழுதியது இதுதான் என்று ஐயமின்றிக் காட்டத்தக்க ஒரு வரிகூட இன்று உலகில் இல்லை. அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஏடுகள் சில உண்டு. அவற்றை அறிஞர்கள் உறுதியாக ஏற்பதில்லை. ஆனால் அவர் வகுத்த அளவு இன்றும் இருக்கிறது.

அவர் வழியில் பயின்றோரிடம் கற்றவர் இப்னுல் பவ்வாப். வாயிற்காவலரின் மகன் என்பது இப்பெயரின் பொருள். இப்னு முக்லாவின் நெறியை இன்னும் நயமாக்கியவர் இவர். ஷீராஸில் புவைஹி மன்னர் பஹாவுத் தவ்லாவின் நூலகத்தைக் கவனித்து வந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. இப்னு முக்லா எழுதிய திருக்குர்ஆனின் முப்பது பாகங்களில் இருபத்தொன்பது மட்டுமே அங்குக் கிடைத்தன. காணாமற்போன ஒரு பாகத்தை இப்னுல் பவ்வாப் தாமே எழுதிச் சேர்த்தார். முப்பதையும் புரட்டிப் பார்த்த மன்னரால் புதியது எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். கதையாகவே இருந்தாலும் இதில் ஓர் உண்மை உண்டு. வெட்டுண்ட கையின் எழுத்தை இன்னொரு கை எழுத முடிந்தது. அளவு கைமாறியிருந்ததே அதற்குக் காரணம்.

இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல், அதாவது 1000-1001இல், பக்தாதில் எழுதி முடித்த திருக்குர்ஆன் பிரதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அவருக்குப் பின் யாகூத் அல்முஸ்தஃஸிமி வந்தார். 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்ததைக் கண்டவர் இவர். பேனாவின் நுனியைச் சாய்வாக வெட்டி எழுத்துக்கு மேலும் மெருகூட்டினார்; 1298இல் மறைந்தார். துலுத், நஸ்க், முஹக்கக், ரைஹானி, தவ்கீஃ, ரிகாஃ என்னும் ஆறு வகை எழுத்துகளும் இவர்கள் வழியாகவே நிலைபெற்றன என்பது மரபு. நாம் இன்று கையில் எடுக்கும் அச்சிட்ட குர்ஆன் பிரதிகளில் மிகப் பல நஸ்க் எழுத்தில் அமைந்தவையே.

திரையில் அதே கேள்வி

இப்போது நம் கணினிக்குத் திரும்புவோம். இப்னு முக்லாவிடமிருந்து கணினிக்கு நேர்வழியில் வாரிசுரிமை உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. திரையில் எழுத்தை அமைத்த பொறியாளர்கள் தம் தேவையால் தம் வழியில் வந்தவர்கள். ஆனால் அவர்கள் முன் நின்ற சிக்கல் அதே சிக்கல். எழுத்தைப் புள்ளிகளால் எப்படி அளப்பது?

திரை என்பது பிக்சல் எனப்படும் நுண்ணிய கட்டங்களின் வரிசை. தொடக்கத்தில் ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வோர் எழுத்தையும் கட்டம் கட்டமாக நிரப்பி வைத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் படிக்கட்டும் பெரிதாகும். பின்னர், எழுத்தின் புறக்கோட்டை நேர்கோடுகளாகவும் வளைவுகளாகவும் கணித முறையில் எழுதி வைக்கும் முறை வந்தது. ட்ரூடைப் எழுத்துருக்களில் எழுத்தின் உயரச் சதுரத்தைப் பெரும்பாலும் 2,048 பங்காகப் பிரித்து, அப்பங்குகளால் ஒவ்வொரு வளைவையும் குறிக்கிறார்கள். இவை விரல் அளவோ அங்குலமோ அல்ல, விகிதங்கள். தடித்த பேனாவுக்கும் மெல்லிய பேனாவுக்கும் ஒரே இலக்கணம் என்ற பழைய கருத்தே இங்கும் நிற்கிறது.

லினக்ஸ் கணினிகளில் இந்தப் புறக்கோட்டைத் திரைக்குரிய கட்டங்களாக்கும் பணியை 1996இல் தொடங்கப்பட்ட ஃப்ரீடைப் என்னும் நிரல் செய்கிறது. எந்த எழுத்துருவை எப்படிக் காட்ட வேண்டும் என்ற விருப்பங்களை ஃபான்ட்கான்ஃபிக் என்னும் நிரல் தெரிவிக்கிறது. அமைப்புப் பக்கத்தில் கேட்கப்படும் கேள்விகள் மூன்றே. அவற்றின் பொருளை அறிந்துகொண்டால் அஞ்சத் தேவையில்லை.

முதலாவது ஆன்டி-அலையாசிங். எழுத்தின் விளிம்பு ஒரு கட்டத்தின் பாதியை மட்டும் மூடினால், அக்கட்டத்தைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ விடாமல் நடுத்தரச் சாம்பல் நிறமாக்குவது இது. எவ்வளவு மூடுகிறதோ அவ்வளவு கறுமை. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்குப் படிக்கட்டு மறைந்து வளைவு தெரிகிறது. இதனை எப்போதும் இயக்கத்தில் வைப்பதே நல்லது.

இரண்டாவது ஹின்டிங். எழுத்தின் கோடுகளைச் சற்றே நகர்த்திக் கட்டங்களின் எல்லையோடு பொருத்துவது இது. முழுமையாகப் பொருத்தினால் கோடு கூர்மையாகும். ஆனால் வடிவம் திரியும். பொருத்தாமலே விட்டால் வடிவம் மெய்யாக நிற்கும். ஆனால் மங்கலாகத் தெரியும். இடையே மெலிதான பொருத்தம் என்றொரு தெரிவு உண்டு. அது எழுத்தை மேலும் கீழுமாக மட்டும் சீர்செய்து, அகலத்தைத் தொடாமல் விடும். அரபி எழுத்துக்கும், சுழிகளும் வளைவுகளும் நிறைந்த நம் தமிழ் எழுத்துக்கும் பெரும்பாலும் இதுவே ஏற்றது. ண, ஞ, இ போன்ற எழுத்துகளைச் சிறிய அளவில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்.

மூன்றாவது துணைப்பிக்சல் முறை. சாதாரண எல்.சி.டி. திரையில் ஒவ்வொரு கட்டமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பட்டைகளாக இருக்கிறது. அம்மூன்றையும் தனித்தனியே பயன்படுத்தினால் அகலவாக்கில் மும்மடங்கு நுட்பம் கிடைக்கும். பட்டைகளின் வரிசையைத் தவறாகக் குறித்தால் எழுத்தோரத்தில் நிறக்கசிவு தெரியும். கட்டங்கள் மிக நுண்ணிதாக உள்ள புதிய திரைகளில் இதற்குத் தேவை குறைவு.

கே.டி.இ. முகப்பில் அமைப்புகளில் எழுத்துரு என்ற பகுதியிலும், ஜினோம் முகப்பில் ட்வீக்ஸ் என்னும் கருவியிலும் இவற்றை மாற்றலாம். மாற்றியபின் திறந்திருக்கும் நிரல்களை மூடித் திறந்தால்தான் பயன் தெரியும். அரபிக்கு இன்னொரு படியும் உண்டு. பல எழுத்துகள் சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் தனியாகவும் நான்கு வடிவம் கொள்வதால், எவ்விடத்தில் எவ்வடிவம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் அதைச் செய்கிறது. தமிழின் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர்வதும் அதனாலேயே.

இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ட்ரூடைப் எழுத்துருக்களின் பொருத்தும் முறை பல்லாண்டுகள் காப்புரிமைக்குள் இருந்தது. 2010இல் அக்காப்புரிமைகள் காலாவதியான பிறகே ஃப்ரீடைப் அதனை இயல்பு நிலையிலேயே இயக்கத் தொடங்கியது. பூட்டு நீங்கியதும் எல்லார் திரையிலும் அது வேலை செய்தது. அறிவு பகிரப்படும்போதுதான் பயன் பெருகுகிறது.

நாம் பெறும் பாடம்

இப்னு முக்லா இரண்டு வேலைகளைச் செய்தார். பதவிக்காகச் சூழ்ச்சிகளை வகுத்தார். எழுத்துக்காக அளவை வகுத்தார். முன்னதில் செல்வத்தையும் கையையும் நாவையும் உயிரையும் இழந்தார். அந்தச் சூழ்ச்சிகளின் விவரம் இன்று வரலாற்று மாணவர்க்கு மட்டுமே தெரியும். பின்னதை அவர் தமக்குள் வைத்துப் பூட்டவில்லை. மாணவர்க்குப் புரியும் வண்ணம் புள்ளியாகவும் கோடாகவும் வட்டமாகவும் பிரித்துத் தந்தார். அதை எந்த வாளாலும் வெட்ட முடியவில்லை.

நம்மில் பலரிடம் ஏதோ ஒரு கைத்திறன் இருக்கிறது. கணக்கெழுதும் திறனாகலாம், தையலாகலாம், சமையலாகலாம், கணினியைச் சீர்செய்யும் திறனாகலாம். அது நம் கையோடு நின்றுவிட்டால் நம்மோடு முடிந்துவிடும். அதன் அளவைக் கண்டு, சொல்லி, ஓர் இளைஞருக்கேனும் கற்பித்தால் அது நமக்குப் பின்னும் நிற்கும். அடுத்த முறை திரையில் ஓர் எழுத்து பிசிறின்றித் தெளிவாகத் தெரியும்போது, சிறையில் ஒற்றைக் கையோடு கயிற்றை இழுத்த அந்த மனிதரை நாம் நினைத்துக்கொள்வோமாக. அவர் இழந்ததையும் விட்டுச்சென்றதையும் எடைபோட்டு, எதற்காக உழைப்பது என்பதை நமக்கு நாமே முடிவு செய்துகொள்வோமாக.